எழுதி வைத்த வாரிசும் எழுதாத விவசாயியும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் கீரையும் கத்திரிக்காயும் வாழைத்தாரும் கொண்டுவரும் விவசாயிகளில் ரங்கப்பிள்ளை வீதியை மிதிக்காமல் ஊர் திரும்புகிறவர் குறைவு. சரக்கை இறக்கிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் அந்த வீதிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. அங்கே 18-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இன்றும் நிற்கிறது. கீழே நம் ஊர்த் தச்சர் வேலை, மேலே பிரெஞ்சுக்காரர் பாணித் தூண்கள். ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு அது.

விவசாயப் பகுதியில் மாளிகைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது.

சென்ற பருவத்தில் பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் விதைநேர்த்தி பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் போடணும்னு சொன்னீங்க, போடறோம் சார். ஆனா ஒண்ணு கேக்கறேன். பணக்காரன் வீட்டுப் புள்ளைக்கு அப்பன் சொத்தை வெச்சிட்டுப் போறான். எங்கப்பன் எனக்குக் கடனைத்தான் வெச்சிட்டுப் போனாரு. நான் என் புள்ளைக்கு என்னத்த வெச்சிட்டுப் போறது?" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சரியான பதிலும் வரவில்லை. ஒருவாரம் கழித்து ரங்கப்பிள்ளை வீதியில் நடந்து போகும்போதுதான் பதில் கிடைத்தது போலிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் தேதி சென்னை பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தார். அவர் அழைத்ததன்பேரில் குடும்பம் புதுச்சேரிக்குக் குடியேறிற்று. 1726-இல் தந்தையார் காலமானபோது ரங்கப்பிள்ளைக்கு வயது 17. அந்த வயதில் குடும்ப வியாபாரம் தலையில் விழுந்தது. லெனுவார் என்ற கவர்னர் இளைஞரின் திறமையைப் பார்த்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தார். பிள்ளை அதோடு நிற்கவில்லை. தம் சொந்தச் செலவில் ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் கடை வைத்து, ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து உள்நாட்டுச் சரக்கை வாங்கினார். துணி, பாக்கு என்று வியாபாரம் விரிந்தது. 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பலும் ஓடிற்று.

அவர் ஏர் பிடித்தவர் அல்லர். ஆனால் அவர் கையில் புரண்ட செல்வம் வயலிலும் தோப்பிலும் விளைந்த சரக்கிலிருந்து வந்தது. பாக்கு தோப்பில் காய்ப்பது. துணிக்குப் பருத்தி வேண்டும். நீலத் துணிக்கு அவுரிச் சாயம் வேண்டும். பிள்ளை அடிக்கடி உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தது தம்முடைய பாக்குக் கிடங்கில்தான். கவர்னர் மாளிகைக்குப் போய்வந்த மனிதர், திரும்பி வந்து பாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது.

சொத்து மட்டும் அவருக்கு வாரிசாக வந்ததென்று எண்ண வேண்டாம். பயமும் வந்தது. அவருக்கு ஆறேழு வயதாகும்போது, 1716-இல், குடும்பத்துக்கே தூணாக இருந்த நைனியப்ப பிள்ளையைக் கவர்னர் எபேர் கைதுசெய்தார். கொடுமை செய்தார், கலகம் மூட்டினார் என்று குற்றச்சாட்டு. கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் நைனியப்பர் சிறையிலேயே இறந்தார். அவருக்குப் புரியாத மொழியில் விசாரணை நடந்தது என்று அவர் பக்கத்தார் பிரான்சு தேசம்வரை முறையிட்டார்கள். தீர்ப்பு மாற்றப்பட்டது. ஆனால் மனிதர் போனபிறகு மாறிய தீர்ப்பு. அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே போய்ப் பட்டம் வாங்கி வந்து அதே பதவியில் அமர்ந்தார் என்பது வேறு கதை.

ஊரிலேயே பெரிய பணக்காரர் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, 27-ஆம் வயதில் ஒரு காரியம் செய்தார். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, என்ன சரக்கு ஏறிற்று, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், கவர்னர் என்ன சொன்னார், கவர்னர் மனைவி என்ன சூழ்ச்சி செய்தாள், எல்லாம் அதில் உண்டு. தமிழில்தான் எழுதினார். சரித்திரக்காரர்கள் இதைப் பெரிய பொக்கிஷம் என்கிறார்கள். விரிவாக்கப் பணியிலேயே தலை நரைத்த எனக்கோ அது முதலில் ஒரு கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது. நாளைக்கு யாராவது வந்து 'நீ அன்று இப்படிச் சொன்னாய்' என்றால் எடுத்துக் காட்டுவதற்கு ஓர் ஏடு. மாமன் வீட்டில் நடந்தது மனத்தில் இல்லாமலா எழுதியிருப்பார்? இது என் ஊகம்தான்.

பிள்ளையைப் பற்றி நான் புகழ்மாலை பாட வரவில்லை. தற்பெருமை அவரிடம் நிறைய உண்டு. அந்தக் காலத்துச் சாதி எண்ணமும் உண்டு. பதவிக்காக அவரும் சூழ்ச்சி செய்தார், அவருக்கெதிராகவும் சூழ்ச்சி செய்தார்கள். 1746-இல் கனகராய முதலியார் இறந்தபின் டியூப்ளே கவர்னரிடம் தலைமைத் துபாஷியானார். முசபர் சங் அவருக்கு 3,000 குதிரைக்குரிய மன்சப் பட்டமும் செங்கற்பட்டுச் சாகீரும் கொடுத்தார். சாகீர் என்றால் என்ன? அந்தச் சீமையில் உழுகிறவன் கட்டும் வரி இவர் கைக்கு வரும் என்று அர்த்தம். நாம் யார் பக்கத்து ஆட்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்கக்கூடாது. 1754-இல் டியூப்ளே கப்பலேறியதும் பிள்ளையின் செல்வாக்கு தேய்ந்தது. கடைசிக் காலத்தில் பதவியும் போயிற்று. ஆங்கிலேயர் முற்றுகையில் புதுச்சேரி பட்டினி கிடந்து சரணடைந்த 1761 ஜனவரி மாதத்தில்தான் அவர் கண்ணை மூடினார். கோட்டையை இடித்தார்கள். பட்டம் போயிற்று, சாகீர் போயிற்று, கப்பல் போயிற்று. ஏடு மட்டும் போகவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தாமும் தொடர்ந்து எழுதினார். 1846-இல் கல்லுவா மோம்பிரேன் என்பவர் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

அந்தக் காலத்து வியாபாரம் எப்படி நடந்தது என்பதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கம்பெனிக்காரன் கப்பல் வரும்முன்பே உள்ளூர் வியாபாரிக்கு முன்பணம் கொடுப்பான். வியாபாரி அதைத் தரகனிடம் கொடுப்பான். தரகன் தறிக்காரனிடம் கொடுப்பான். முன்பணம் வாங்கிய தறிக்காரன் வேறு யாருக்கும் துணி விற்க முடியாது. விலையும் கொடுத்தவன் சொன்ன விலைதான். துணி மட்டம், அகலம் குறைவு என்று கழிக்கிறவனும் அவன்தான். இந்தச் சங்கிலியில் கம்பெனிக்காரன் எழுதினான், வியாபாரி எழுதினான், தரகனும் எழுதினான். கடைசியில் இருந்தவன் எழுதவில்லை. சங்கிலியில் நட்டப்பட்டவனும் பெரும்பாலும் அவன்தான்.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தறிக்காரன் இடத்தில் மணிலா போடுகிறவனையும் நெல் போடுகிறவனையும் வைத்துப் பாருங்கள். என் தகப்பனார் அந்த இடத்தில் இருந்தவர்தான்.

எங்களுக்கு இரண்டு காணி நிலம். ஒரு காணியில் மணிலா, மற்றதில் நெல். (வேர்க்கடலைக்கு நம் பக்கத்தில் மணிலா என்றுதானே பெயர். பேச்சில் அது மல்லாட்டை ஆகிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மர்சேய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு இது.) 1983-இல் விதைப்பருப்பு வாங்க முடியாமல் தகப்பனார் ஒரு கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கினார். வட்டி கிடையாது, விளைந்ததை நம்மிடமே போட்டால் போதும் என்றார்கள். போட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுச் சீட்டு வரும். கமிஷன், எடைக்கூலி, சாக்குக் கழிவு, மகமை, பழைய பாக்கியில் பிடித்தம் என்று அதில் நாலைந்து வரி இருக்கும். அந்தச் சீட்டு சட்டைப்பையில் இருந்து வேட்டி மடிப்புக்குப் போய், துவைக்கும் கல்லில் கரைந்துவிடும். நான்கு ஆண்டுகள் கழித்து மண்டிக்காரர் பேரேட்டைப் பிரித்து ஒரு தொகை சொன்னார். தகப்பனார், "இல்லீங்க, நடுவில ரெண்டு தடவை கட்டியிருக்கேன்" என்றார். எந்தத் தேதி என்று கேட்டார்கள். "ஐப்பசி அடைமழையில, எங்க பெரிய பசு கன்னு போட்ட மறுநாள்" என்றார். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு பக்கம் பேரேடு, ஒரு பக்கம் பசு கன்று போட்ட நாள். அவர்களால் என்ன செய்ய முடியும்? அறுபது குழியை விற்றுக் கணக்கைத் தீர்த்தோம். அந்தத் தொகை சரியா, தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மண்டிக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஏமாற்றவில்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அறுபது குழி போனதைவிட இந்தத் தெரியாமைதான் தகப்பனாரைக் கடைசிவரை அரித்தது.

அதே வீட்டில் என் தாயாருக்குப் பால் கணக்கு இருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர். டீக்கடைக்கு ஊற்றும் பாலுக்கு அடுப்பங்கரைச் சுவரில் கரியால் கோடு போடுவார். காலைக்கு நேர்க்கோடு, மாலைக்குச் சாய்ந்த கோடு, பால் குறைந்த நாளில் பாதிக் கோடு. டீக்கடைக்காரர் ஒருதரம்கூடப் பைசா குறைத்ததில்லை. அவரும் கறாரான ஆள்தான். ஆனால் சுவரைப் பார்த்திருக்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன்பு வந்து கணக்கை முடித்துவிட்டுப் போவார், இல்லையென்றால் வெள்ளையடிக்க விடமாட்டார் அம்மா. ஒரே கூரையின் கீழ் இரண்டு கணக்குகள். கோடு போட்ட கணக்கில் நட்டமில்லை. இதை நான் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகுதான் கவனித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வட்டியில்லாத முன்பணம் என்பதை ஒருமுறை கூட்டிக்கழித்துப் பார்ப்போம். ஒரு நெல் விவசாயி 20,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்தில் 75 கிலோ மூட்டையாக 30 மூட்டை, அதாவது 2,250 கிலோ நெல் கொடுக்கிறார். வெளி விலையைவிடக் கிலோவுக்கு 1 ரூபாய் 60 காசு குறைத்துப் போடுகிறார்கள். பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் மொத்தத்தில் 3,600 ரூபாய். 20,000-க்கு நான்கு மாதத்தில் 3,600 என்றால் நூற்றுக்கு 18, ஆண்டுக்கு 54. மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு என்று எடுத்தால் இன்னும் 30 கிலோ நெல் போகும். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதே 20,000-ஐக் கிசான் கிரெடிட் கார்டில் வாங்கி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். நான்கு மாதத்துக்கு 267 ரூபாய். தமிழகத்தில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் அந்த வட்டியும் இல்லை. உரிய தேதி எது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் அந்தச் சலுகை கைநழுவிவிடும். தேதி தெரியாமல் சலுகையை இழந்தவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

"கார்டு வாங்கப் பட்டா வேணுமே, நான் வாய்ப்பேச்சுக் குத்தகைதானே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பகுதியில் பாதிப் பேச்சு வாய்ப்பேச்சுதான். குத்தகைதாரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கூட்டுப்பொறுப்புக் குழு அமைத்தால் வங்கிக்கடன் பெற வழி இருக்கிறது. அதற்கும் ஒரு நோட்டு வேண்டும். என்ன பயிர், எத்தனை குழி, சென்ற பருவம் என்ன செலவு, என்ன வரவு என்று வங்கிக்காரர் கேட்பார். நிலம் உள்ளவர்களிலும் பலருக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. அண்ணன் தம்பிகள் மூன்று பேர் உழுகிறார்கள், காகிதத்தில் உழுகிறவர் காலமாகி முப்பது ஆண்டு. ரங்கப்பிள்ளை வீட்டு வாரிசு என்ன எழுதி வைத்தார் என்று பேசுகிற நாம் நம் வீட்டு வாரிசுரிமைச் சான்றை வாங்கிப் பெயர் மாற்றாமல் இருப்பது நல்லதல்ல.

எழுதினால் என்ன ஆகிவிடப் போகிறது, விலையை நாமா வைக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு ஓர் அமெரிக்க ஜமீன்தாரின் கதையைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன், பின்னால் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியானவர். நம் பிள்ளை இறந்த அதே 1761-இல்தான் மவுண்ட் வெர்னன் பண்ணை அவருக்கு முழு உரிமையாக வந்தது. அண்ணன் வழிவந்த சொத்து. உழைத்தவர்கள் அடிமைகள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் புகையிலை பயிரிட்டு லண்டனில் இருந்த கமிஷன் ஏஜெண்டுக்குக் கப்பலில் அனுப்புவார். ஏஜெண்டு விற்று, கமிஷன் பிடித்து, இவர் கேட்ட சாமான்களை வாங்கி அனுப்பிக் கணக்கு எழுதுவார். மண்டிக் கணக்குதான், நடுவில் சமுத்திரம் அதிகம். வாஷிங்டனும் விடாமல் நாட்குறிப்பும் கணக்கும் எழுதுகிறவர். 1764 வாக்கில் சுமார் 1,800 பவுன் கடன் என்று ஏஜெண்டின் கணக்கு வந்தது. இவர் தம் ஏடுகளைப் புரட்டினார். எத்தனை நன்றாக விளைந்தாலும் புகையிலை கடனில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பண்ணையில் புகையிலையை விட்டுவிட்டுக் கோதுமைக்கு மாறினார். கோதுமையை உள்ளூரிலேயே விற்கலாம்; பிறகு சொந்த ஆலை வைத்து மாவாக்கியும் விற்றார். புகையிலை விலையை அவராலும் உயர்த்த முடியவில்லை. பயிரை மாற்ற முடிந்தது. எதை மாற்றுவது என்பதைக் கணக்கு சொல்லிற்று.

நம் நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று நீண்ட படிவம் போட்டுத் தர நான் விரும்பவில்லை. எங்கள் துறையிலேயே பல படிவங்கள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். பெரும்பாலும் பொட்டலம் மடிக்கத்தான் பயன்பட்டன. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அன்றைக்குக் கையிலிருந்து போன பணம், கைக்கு வந்த பணம், வயலில் செய்த வேலை, வந்த ஆள் எத்தனை. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, சொந்தக் குடும்பத்தின் உழைப்பு. மனைவி களை எடுத்தார், மகன் லீவு நாளில் தண்ணீர் கட்டினான் என்றால் அதையும் ஆள் கணக்கில் எழுதுங்கள். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை நிர்ணயிக்கும்போது கைச்செலவோடு குடும்ப உழைப்பின் மதிப்பையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. 2018-19 முதல் அந்தக் கூட்டுத்தொகையைப்போல் ஒன்றரை மடங்கு என்பதுதான் அடிப்படை. அந்தச் செலவு விவரமே தேர்ந்தெடுத்த சில விவசாயிகளின் அன்றாடக் கணக்கிலிருந்துதான் திரட்டப்படுகிறது. அரசாங்கமே மதிப்புப் போடும் உழைப்பை நாமே சும்மா வந்தது என்று விட்டுவிடலாமா?

மற்றொன்று எடை. களத்தில் போட்ட எடை, விற்ற இடத்தில் போட்ட எடை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஈரப்பதம் தெரிந்தால் அதையும் எழுதலாம். 20 சதவீத ஈரத்தில் உள்ள 100 கிலோ நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோதான் நிற்கும். ஏழு கிலோ யாரும் திருடியதல்ல, தண்ணீர். இது தெரியாமல் எடைபோட்ட ஆளோடு சண்டை போட்டவர்களும் உண்டு. தண்ணீர்தான் என்று நம்பி மூட்டைக்கு மூன்று கிலோ கூடுதலாக விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. அரசுக் கொள்முதலில் 17 சதவீதம்வரை எடுப்பார்கள். எங்கே, எந்த ஈரத்தில், எந்த எடைக்கு, என்ன விலை என்பது இரண்டு பருவம் எழுதியிருந்தால், அடுத்த பருவம் தட்டாஞ்சாவடி விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோவதா, களத்திலேயே கொடுப்பதா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

எழுதப் படிக்க வராது என்பது இந்தக் காலத்தில் பாதிதான் உண்மை. வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் இருக்கிறாள். அவளிடம் இரவு ஐந்து நிமிடம் சொன்னால் எழுதுவாள். அவளுக்கும் வீட்டு நிலவரம் தெரிய வரும். சில தகப்பன்மார் கடனைப் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள். பிள்ளை கவலைப்படும் என்கிறார்கள். தகப்பன் காரியம் முடிந்த பதினாறாம் நாள் மூன்று கடன்காரர்கள் ஒன்றாக வாசலில் வந்து நின்றபோது கவலைப்பட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். யார் சொன்னது உண்மை என்றே அவனுக்குத் தெரியவில்லை, மூன்று பேருக்கும் ஒப்புக்கொண்டான். துண்டுச் சீட்டு வந்தால் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். ஆனால் நோட்டிலும் ஒட்டுங்கள். கைப்பேசி கிணற்றில் விழும்.

பாகூர்ப் பெரியவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் தகப்பனார் வைத்துவிட்டுப் போன கடன் எவ்வளவு, அதில் எவ்வளவு அடைந்தது, யாரிடம் என்ன பாக்கி என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அது உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வைக்கும் முதல் சொத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கம் சொர்ணவாரி நாற்றங்கால் விடும் நாளில் தொடங்கட்டும். விதை நெல் வாங்கிய ரசீதை அங்கே ஒட்டிவிடுங்கள். விதை முளைக்காவிட்டால் ரசீது இல்லாமல் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அறுவடை ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் வாருங்கள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன், இரண்டு பேருமாகக் கூட்டிப் பார்ப்போம்.